காலிக் கட்டத்தில் பெய்த மழை

தம்பி, சுற்றி வளைக்காமல் போட்டு உடைத்துவிடுகிறேன். போன ஆடி மாதம் உன் மென்பொருளின் கேள்விப் பக்கத்துக்கு ஓர் ஆள் வந்தது நினைவிருக்கிறதா? ‘ஹில்ரெய்ன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, ஓட்டை ஆங்கிலத்தில், “நாங்கள் காலியாக விட்ட கட்டத்தை உங்கள் கருவி ஏன் தன் இஷ்டத்துக்கு நிரப்புகிறது?” என்று கேட்டதே, அந்த ஆள். “கையேட்டில் சொன்னபடிதான் வேலை செய்கிறது. படித்துப் பாருங்கள். கேள்வியை மூடுகிறேன்” என்று எழுதி நீ அனுப்பிவைத்தாயே, அந்த ஆள் நான்தான். உன்னைப் பெற்றவள். தூக்கிவாரிப் போடுகிறதா? போடட்டும். உன் பதிலைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் போட்டது.

இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் நீயே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாய்: தனி மெயிலில் கேட்காதீர்கள், பொதுவில் கேளுங்கள், இன்று உங்களுக்கு வந்த சந்தேகம் நாளைக்கு இன்னொருவருக்கும் வரும் என்று. ஓப்பன் சோர்ஸ் ஆட்களின் வழக்கமே அதுதான் என்று எனக்கும் இப்போது தெரிகிறது. அதனால் நானும் பொதுவிலேயே எழுதுகிறேன். உன்னைப் போலவே நாலு பேருக்காக ஒரு கருவியைச் செய்துவிட்டு, அலுத்துப்போய், கதவைச் சாத்திவிடலாமா என்று உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் வேறு யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும். அவர்களுடைய அம்மாக்களும் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய். “அம்மா, நெதர்லாந்து போறதுக்கு முன்னாடி அந்த டூலை மூடிட்டுப் போயிடறேன். இனிமே என்னால முடியலம்மா.” சாப்பிட்டாயா, விசா பேப்பர் வந்ததா, ஸ்வெட்டர் எடுத்தாயா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஆறவேயில்லை. வெளியார் படிப்பதால் ஒரு வார்த்தை விளக்கிவிடுகிறேன். என் மகனும் அவன் கல்லூரிக் கூட்டாளிகளும் சேர்ந்து செய்த கருவி அது. கன்னாபின்னா என்று கிடக்கிற அட்டவணையைக் கொடுத்தால், தேதியை ஒழுங்குபடுத்தி, ஒரே ஊரை நாலு விதமாக எழுதியிருந்தால் ஒன்றாக்கி, விட்டுப்போன இடங்களை நிரப்பி, கணக்குப் போடத் தோதாகத் திருப்பித் தரும், கேட்டால் படமாகவும் போட்டுத் தரும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் சொல்கிறார்கள். மூடுவது என்றால் நிரல் அழிந்துவிடாது, அலமாரியில் இருக்கும். ஆனால் அதன் பிறகு யாரும் அங்கே கேள்வி கேட்க முடியாது, திருத்தம் கொண்டுவந்து கொடுக்க முடியாது. கூட்டாளிகள் இருவரும் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மூடுகிற பொத்தான் இவன் கையில் மட்டும்தான் இருக்கிறது.

நீ கல்லூரிக் கடைசி வருடம் லீவுக்கு வந்திருந்தபோது நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சமையலறையில் நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். நீ மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாய். ஏதோ ஒன்று ஓடாமல் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தாய். முன்பின் தெரியாத ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, உனக்காக உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருந்தார். அதை நீ எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினாய். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. உன் முகம் மட்டும் புரிந்தது. “இதுக்கு அவருக்கு எவ்வளவு குடுக்கணும்?” என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான்” என்றாய். உடனே உங்கள் அப்பா, மினி லாரியில் ஏற்றப் புளி மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவர், வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்: “சும்மா குடுக்கிறவன் இன்னாத்துக்குடா குடுக்கிறான்? அவனுக்கு இன்னா லாபம்? ஓசியில கெடச்சா பினாயிலக் கூட குடிச்சிடுவீங்களே.” நீ சிரித்தாய். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நீயும் பதில் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. சும்மா கொடுக்கிறவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள்? இந்த வருடம்தான் அந்தக் கேள்வி எனக்குள் திரும்ப முளைத்தது. அதற்கு மழைதான் காரணம்.

எங்கள் உற்பத்தியாளர் குழுவில் நான் கணக்குப் பார்ப்பது உனக்குத் தெரியும். சாமை, தேன், புளி என்று மலையில் விளைவதை ஒன்றாகச் சேர்த்து விற்கிறோம். எந்த ஊரில் எப்போது விதை கொடுப்பது, எந்த மண் பாதையில் எப்போது வண்டி ஏறும் என்பதெல்லாம் மழையைப் பொறுத்தது. ஜமுனாமரத்தூரில் கொட்டுகிற மழை காவலூர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் ஊருக்கு ஒரு வீட்டில் மழை டப்பா வைத்தோம். காலையில் டப்பாவைப் பார்த்து, அளவைக் குரல் செய்தியாக அனுப்ப வேண்டும். நான் அதை அட்டவணையில் ஏற்றி, உன் கருவியில் கொடுத்து, ஊர்வாரியாக வரைபடம் எடுத்து, அலுவலகச் சுவரில் ஒட்டுவேன். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் வரைபடம் வந்து விழுகிறதே, அந்த வித்தையைக் குழுவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். “எம் பையன் செஞ்சது” என்று சொல்லாமல் விட்டேனா? பெத்த மனம் பித்து அல்லவா, வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன்.

அந்த வரைபடத்தை நம்பித்தான் ஆடி மாதம் ஓர் ஊருக்கு விதைக்கலாம் என்று அறிவிப்பு அனுப்பினோம். தினமும் சன்னமாகத் தூறல், மண் ஈரமாக இருக்கிறது என்று படம் சொன்னது. இரண்டு வாரம் கழித்து அந்த ஊர் முனியம்மா அலுவலகத்துக்கு வந்தாள். அங்கே மழை டப்பா அவள் வீட்டில்தான் இருக்கிறது. செருப்பை விட்ட வேகத்திலேயே தெரிந்துவிட்டது, சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று.

“யக்கா, எங்க ஊர்ல தெனம் தூறல் போடுதுன்னு செவுத்துல ஒட்டி வெச்சிகிறியாமே, யாரு சொன்னா உனுக்கு?”

“நீ அனுப்பின கணக்குதான் முனியம்மா.”

“நான் இன்னாத்த அனுப்பினேன்? அந்த வாரம் பூரா நான் வாயே தொறக்கல.”

“அதான் கேக்கிறேன், ஏன் அனுப்பல?”

“பெய்யாத மழைக்கு இன்னா சேதி அனுப்புறது? அதுவும் வெதைய கையில வெச்சிகினு மழ இல்லன்னு வாயால சொல்வாங்களா யாராச்சும்? சொன்னா வர்ற மழையும் பூடும்.”

உனக்கே தெரியும், நம் வீட்டிலும் அரிசி இல்லை என்று நான் சொன்னது கிடையாது. வாங்க வேண்டும் என்றுதான் சொல்வேன். மழைக்கும் அதே வழக்கம் இருக்கும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. சரி என்று அட்டவணையைத் திறந்து, அதற்கு ஒரு மாதம் முந்தைய வாரத்தைக் காட்டினேன். அங்கேயும் காலிக் கட்டங்கள். “அப்ப இதுவும் மழை இல்லாத நாளா?” என்றேன். முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப டவரே பூட்ச்சேக்கா. ஓடையில தண்ணி இடுப்பளவு போச்சி. கெழங்கட்டைங்க கூட கண்டதில்ல, அம்மாம் மழ. போனே எடுக்காம யாருக்கு நான் சேதி சொல்றது?”

புரிகிறதா தம்பி? சொட்டு மழை இல்லாத நாளும் காலிக் கட்டம். ஊரையே புரட்டிப் போட்ட மழை நாளும் காலிக் கட்டம். உன் கருவி என்ன செய்தது? முன்னால் ஒரு நாளையும் பின்னால் ஒரு நாளையும் பார்த்து நடுவில் ஓர் அளவைப் போட்டு, எல்லாக் காலியையும் நிரப்பிவிட்டது. காய்ந்த வாரத்துக்கும் தூறல், வெள்ளம் வந்த வாரத்துக்கும் தூறல். அந்தப் படத்தின்படி எங்கள் மலையில் வருடம் முழுக்கப் பூப்போல மழை பெய்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முனியம்மாவுக்கு வரவில்லை. அவளுடைய கொழுந்தன் எங்கள் அறிவிப்பைப் பார்த்து விதைத்த சாமை, காய்ந்த மண்ணில் எறும்புக்குப் போய்விட்டிருந்தது. வேறு விதை கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள். “டப்பாவ எட்த்துகினு போய்டுக்கா, நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு எழுதிக்கிற” என்றும் சொல்லிவிட்டாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவள் நிறுத்தினால் மற்ற ஊர்க்காரர்களும் நிறுத்துவார்கள். “கொஞ்சம் பொறு, செஞ்சவங்கள கேட்டு சொல்றேன்” என்று அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

உனக்குப் போன் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். போடவில்லை. பொதுவில் கேட்க வேண்டும் என்பது உன் சட்டம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்கிறேன், திட்டாதே. வெளியாள் ஒருவரிடம் நீ எப்படிப் பேசுவாய் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பிள்ளை வெளியே எப்படி நடந்துகொள்கிறான் என்று எந்த அம்மாவுக்குத் தெரியும்? அவன் வீட்டில் காட்டுகிற முகம்தான் அவளுக்குத் தெரியும். போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகக் கோத்து, அந்தக் கேள்வியை எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டுப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தது உன் பதில்.

கோபம் என்றால் கோபம், அப்படி ஒரு கோபம். உங்கள் அப்பாவிடம் போய்க் கொட்டினேன். அவர் ஒடுகத்தூர் சந்தையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். “கையேட்ட படின்னு சொல்லிட்டான்ங்க, என்னப் பாத்து!” என்றேன். “உன்னப் பாத்தா சொன்னான்? யாரோன்னு நெனச்சி சொன்னான்” என்றார். “யாரா இருந்தா இன்னா, இப்படியா பேசுறது?” என்றேன். “உம் மவனாச்சே, உன் வாய்தான் அவனுக்கு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அப்புறம் நான் ஒரு வேலை செய்தேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்தில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் உன் கேள்விப் பக்கத்தை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். நீ அங்கே எழுதியது ஒன்று விடாமல். தம்பி, நீ ஆங்கிலத்தில் வேறு பிள்ளையாக இருக்கிறாய்! நம் வீட்டில் கேட்ட கேள்விக்கு ‘ம்’ என்று பதில் சொல்கிறவன், அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற ஒருவர் பால் கணக்கு ஏற மாட்டேன் என்கிறது என்று வந்தபோது, “இந்த நாலாவது பத்தி உங்கள் ஊரில் எதற்குப் பயன்படுகிறது? தெரிந்துகொள்ள ஆசை” என்று கேட்டிருக்கிறாய். அதை நான் இரண்டு முறை படித்தேன். கருவியைச் சரிசெய்ய அந்தக் கேள்வி தேவையே இல்லை. நீ சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறாய். அவரும் சந்தோஷமாக, எந்த மாடு எப்போது சினையானது என்பதுவரை எழுதியிருக்கிறார். எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பிள்ளைதான் என்று தோன்றியது. அப்பாவின் பழைய கேள்விக்கும் எனக்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. எங்கோ ஓர் ஊரில் பால் கணக்கை எப்படி எழுதுகிறார்கள் என்று உனக்கு வேறு எப்படித் தெரிய வரும்?

படிக்கப் படிக்க உன் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. ஏன் என்பதும் அங்கேயே இருந்தது. “எங்கள் கம்பெனி இதை நம்பி இருக்கிறது, இன்றைக்கே சரிசெய்” என்று அதிகாரம் பண்ணுகிறவன் ஒருவன். ஒரு காசு கொடுக்காமல், ஒரு நன்றி சொல்லாமல், “இதெல்லாம் ஒரு மென்பொருளா?” என்று கேட்கிறவன் இன்னொருவன். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவன்கள் பல்லையே பிடுங்கப் பார்த்திருக்கிறான்கள். நேரில் மாட்டியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். தேதியையும் ஒத்துப் பார்த்தேன். எனக்கு நீ பதில் எழுதிய அந்த வாரம்தான் காய்ச்சல் என்று போனில் சொன்னாய். காய்ச்சலோடு உட்கார்ந்து ஊர்பேர் தெரியாதவர்களின் வசவைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாய், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அழுதேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நீ மூடிய என் கேள்விக்குக் கீழே (ஒரு கேள்வியை மூடினாலும் அதன் அடியில் எழுதலாம்), சில நாள் கழித்து, ஒருத்தி எழுதியிருந்தாள். எலேனா என்று பெயர். சிலி நாட்டுக் கடற்கரையில் ஒரு மீனவர் சங்கத்தில், படகுவாரியாக மீன் கணக்கு ஏற்றுகிறவள். “உங்கள் சிக்கல்தான் எனக்கும்” என்று ஆரம்பித்திருந்தாள். மீன் படாத நாளில் படகுக்காரர்கள் அளவு சொல்ல மாட்டார்களாம். வலை கிழிகிற அளவுக்குப் பட்ட நாளிலும் சொல்ல மாட்டார்களாம், கை ஓயாது. இரண்டும் காலி. உன் கருவி இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் போட்டு, அவளுடைய கடலிலும் தினமும் சுமாராக மீன் பிடித்துக்கொண்டிருந்ததாம். முனியம்மாவுக்கு இதைச் சொன்னேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். “அம்மாந் தூரத்துலயும் நம்மாட்டமேதான் கீறாங்களா?” என்றாள். அதற்குப் பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவள் கேட்கவில்லை. “அந்தம்மா இன்னா சொல்லுது?” என்று வாரம் தவறாமல் கேட்க ஆரம்பித்தாள்.

எலேனா ஸ்பானிஷில் எழுதுவாள், நான் தமிழில் எழுதுவேன், நடுவில் மொழிபெயர்ப்பு ஏதோ தட்டுத்தடுமாறிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவள் பைதான் என்கிற நிரல்மொழியைச் சொந்தமாகக் கற்றுக்கொண்டவள். உன் நிரலைப் பிரதி எடுத்து, காலிக் கட்டத்தைக் கண்டதும் நிரப்பாமல், “இது ஏன் காலி?” என்று முதலில் கேட்கிற மாதிரி மாற்றினாள். இல்லாததால் காலியா, பார்க்காததால் காலியா, சொல்ல வழியில்லாமல் காலியா என்று மூன்று வகை. காரணம் தெரியாவிட்டால் காலியாகவே விட்டுவிடும். படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். நான் எங்கள் மழைக் கணக்கைக் கொடுத்துச் சோதித்துச் சோதித்து, எங்கே தப்பு வருகிறது என்று எழுதினேன். கையேட்டுக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். உன் கையேட்டைப் படித்துப் பார்த்ததில் அந்த ஒரு பக்கம் குறைந்தது, அவ்வளவுதான்!

மழை இல்லை என்பதை வாயால் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று இங்கே ஒரு பஞ்சாயத்தே நடந்தது. முனியம்மாதான் முடித்துவைத்தாள். “மழ இல்லன்னா, நல்லா இருக்கோம்னு மட்டும் சொல்லிடறோம்க்கா. நீ புரிஞ்சிக்கோ.” அன்றிலிருந்து காலையில் என் போனில் குரல்கள் வரிசையாக வரும். ஒருவர் அளவு சொல்வார். ஒருவர் “நல்லா இருக்கோம்” என்பார். நல்லா இருக்கோம் என்றால் பூஜ்யம் என்று ஏற்றிக்கொள்கிறேன். குரலே வராத ஊரைக் காரணம் தெரியாத காலி என்று விட்டுவிட்டு, அந்தப் பக்கம் வண்டி போகுமா என்று விசாரிக்கிறேன். போன ஐப்பசியில் அப்படித்தான் ஓர் ஊரில் பாதை அரித்துப்போனது முன்கூட்டியே தெரிந்தது, உங்கள் அப்பா வண்டியை ஏற்றாமல் நின்றார்.

எலேனா அந்தத் திருத்தத்தை உன் பார்வைக்கு அனுப்பி மாசக்கணக்கில் ஆகிறது. நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பு இல்லை என்று எனக்குத் தெரியும். வேண்டுமானால் பிரதி எடுத்துக்கொண்டு அவரவர் பார்த்துக்கொள்ளட்டும், சட்டப்படி தடை இல்லையே என்று நீ சொல்வாய். உண்மைதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் உன் வாசலுக்குத்தான் வருகிறார்கள். எலேனாவின் பிரதி இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூடிய பக்கத்திலிருந்து பழைய கருவியை எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் ஊரிலும் தூறல் போடும். அங்கேயும் ஒரு முனியம்மாவின் கொழுந்தன் விதைப்பான்.

நீயே சுமந்துகொண்டு கிட என்று நான் சொல்ல வரவில்லை, தம்பி. அதைத் தயவுசெய்து சரியாகப் புரிந்துகொள். நீ செய்தது போதும். புது ஊருக்குப் போ, நன்றாகத் தூங்கு, அங்கே உள்ள ஆட்களோடு பழகு, மாலையில் வெளியே போய் நட. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போ என்றுதான் கேட்கிறேன். முன்பொரு தடவை நீ சொன்னாய், “தெரியாதவங்க கையில எப்படிம்மா சாவியக் குடுக்கிறது? எவனாவது உள்ள பூந்து வைரஸ் மாதிரி எதையாவது வெச்சிட்டான்னா, நம்பி எடுத்தவங்க எல்லாரும் மாட்டுவாங்க” என்று. அந்தப் பயம் நியாயமான பயம். நானும் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அதனால் முழுச் சாவியையும் கொடுக்க வேண்டாம். எந்தத் திருத்தமும் இரண்டு பேர் பார்த்து ஒப்பினால்தான் உள்ளே போகும் என்று வைக்க முடியுமாமே? அப்படி வை. எலேனாவை ஒருவராகப் போடு. உன் பழைய கூட்டாளிகளில் ஒருவரைக் கேள். மாதம் ஒரு மணி நேரம் என்றால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். எலேனா எப்படிப்பட்டவள் என்று பார்க்க வேண்டுமா, அவள் எழுதியதெல்லாம் பொதுவில்தான் இருக்கிறது. நான் உன்னைப் படித்த மாதிரி நீ அவளைப் படி.

கேள்விப் பக்கத்துக்கு என்னைப் போடு. சிரிக்காதே. எனக்கு நிரல் எழுத வராது, பதில் எழுத வரும். ஐப்பசியிலிருந்து ஹில்ரெய்ன் அங்கே பதில் எழுதிக்கொண்டிருப்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள், அட்டவணையின் முதல் சில வரிகளைக் காட்டுங்கள், அந்தப் பத்தி உங்கள் ஊரில் எதற்கு என்று கேட்பேன். பாதிப் பேருக்கு அதிலேயே தெளிந்துவிடுகிறது. மீதியை எலேனாவிடம் தள்ளிவிடுவேன். அதிகாரம் பண்ணிக்கொண்டு வருகிறவன்களை என்னிடம் விடு, நான் பார்த்துக்கொள்கிறேன். முறைப்படி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். உன் பெட்டியில் கிடக்கும். அம்மா என்று பார்த்துச் சரி சொல்லாதே. நான் எழுதியதைப் படித்துப் பார், சரிப்படாது என்றால் சரிப்படாது என்று சொல், எங்கே சரியில்லை என்றும் எழுது. திருத்திக்கொள்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு அனுப்பலாமா வேண்டாமா என்று இருந்தேன். இன்று காலை அலுவலகத்தைத் திறந்ததும் வழக்கம்போல உன் பக்கத்தைப் பார்த்தேன். புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் போடவில்லை. அட்டவணையும் காட்டவில்லை. “ஒரு பெரிய வேலையை இந்தக் கருவியை வைத்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். இங்கே இன்னும் யாராவது இருக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். எலேனாவும் பார்த்துவிட்டாள்; அவளும் ஒன்றும் எழுதவில்லை. நான் தட்டெழுத ஆரம்பித்து, அழித்துவிட்டேன். இத்தனை நாளில் எந்தக் கேள்வியையும் நான் இப்படி விட்டுவைத்ததில்லை. இருக்கிறோம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு என்ன சொல்லட்டும், தம்பி?

அம்மா